படித்த வேதமும் நடந்த வாழ்வும்

வேத நூலை ஓதியவரெல்லாம் அந்நூல் கூறும் வழியில் நடப்பவர் ஆகிவிடுவரா என்ற வினா எல்லாச் சமயங்களிலும் எழுந்ததுண்டு. ஜெர்மன் நாட்டுப் புரோட்டஸ்டண்டுக் கிறிஸ்தவரிடையே 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்தது. அதற்கு விடை காண முயன்றோர் ‘பயட்டிஸ்டு’கள் எனப்பட்டனர். பக்தியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயர், ‘இதோ பக்திமான்கள் போகிறார்கள்’ என்று பிறர் எள்ளி நகையாடிய பெயரேயாகும். ஏளனமாக வந்த பெயரை அவர்கள் நாளடைவில் ஏற்றுக் கொண்டனர். அவர்கள் ஏற்றிய விளக்கு தமிழகக் கடற்கரை வரை ஒளி வீசியதால், அவ்வரலாறு தமிழர்க்கும் உரியதாகிறது.

போரும் வறட்சியும்

1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் ஜெர்மன் நாடுகளைச் சுடுகாடாக்கியது. போரும் பஞ்சமும் கொள்ளை நோயும் ஊர் ஊராக மக்களை வாரிக் கொண்டு போயின. போர் ஓய்ந்த பின் ஆலயங்கள் மீண்டும் எழுந்தன. ஆயினும் அவற்றுள் உயிர் குறைந்திருந்தது. லூதர் காலத்தில் மக்கள் உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்த கொள்கைகள், இப்போது பல்கலைக்கழகங்களில் வாதப் பொருளாகச் சுருங்கிக் கிடந்தன. பிரசங்க மேடையில் போதகர்கள் எதிர்க்கட்சியாரின் பிழைகளை நுணுக்கமாக எடுத்துக் காட்டினர். கீழே அமர்ந்திருந்த குடியானவனுக்கோ மறுநாள் காலையில் எப்படி வாழ்வது என்று சொல்வாரில்லை. ஞாயிறன்று ஆலயம் செல்வதும், குழந்தைக்கு ஞானஸ்நானம் பெறுவதும், நற்கருணை உட்கொள்வதும் நடந்தால் போதும், தான் கிறிஸ்தவனே என்று அவனும் அமைதி கொண்டான்.

இந்நிலை கண்டு வருந்தியவர் முன்னரும் இருந்தனர். அவருள் யோகான் ஆர்ண்ட் என்பவர் 1605-ல் வெளியிடத் தொடங்கிய ‘மெய்க் கிறிஸ்தவம்’ என்ற நூல் இல்லந்தோறும் படிக்கப்பட்டது. ஆனால், நூலின் கருத்தை ஓர் இயக்கமாக ஆக்கியவர் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்பவர்.

ஸ்பேனரின் ஆறு யோசனைகள்

1635-ல் அல்சாஸ் பகுதியில் பிறந்த ஸ்பேனர், 1666-ல் பிராங்க்பர்ட் நகரின் தலைமைப் போதகரானார். வாணிகம் செழித்த அந்நகரில் ஆலயங்கள் நிறைந்தே இருந்தன. ஆயினும், கேட்ட பிரசங்கம் ஆலய வாயிலைத் தாண்டியதும் மறைந்துவிடுவதை அவர் கண்டார். 1670-ல் தம் இல்லத்திலேயே வாரம் இருமுறை ஒரு சிறு கூட்டத்தைத் தொடங்கினார். படித்தவரும் கைத்தொழிலாளரும் அங்கே ஒன்றாக அமர்ந்தனர். முதலில் பக்தி நூல்களையும், பின்னர் வேதாகமத்தையும் படித்து, படித்ததைத் தம் வாழ்வோடு பொருத்திப் பேசினர். போதகர் பேச மற்றவர் கேட்பதே முறை என்றிருந்த காலத்தில் இது பெரும் புதுமையாகும்.

1675-ல், ஆர்ண்ட் எழுதிய பிரசங்கத் தொகுதி ஒன்றின் மறுபதிப்புக்கு ஸ்பேனர் முன்னுரை எழுதினார். அம்முன்னுரை தனி நூலாகவும் வந்து, ‘பக்தி விருப்பங்கள்’ என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரால் புகழ் பெற்றது. அதில் அவர் கூறிய யோசனைகள் ஆறு. வேதாகமத்தைத் தனியாகவும் கூடியும் மக்கள் மிகுதியாகப் படித்தல் வேண்டும் என்பது முதலாவது. ஒருவருக்கொருவர் ஆன்மிகத் துணையாக நிற்கும் கடமை போதகருக்கு மட்டுமன்றி எல்லாக் கிறிஸ்தவருக்கும் உண்டு என்பது இரண்டாவது. கிறிஸ்தவம் அறிவோடு நிற்பதன்று, செயலில் விளங்குவது என்பது மூன்றாவது. மாற்றுக் கொள்கையாரோடு வாதிடும்போதும் அன்பு குன்றலாகாது என்பது நான்காவது. குருமாணவர் கல்வியில் நூலறிவோடு ஒழுக்கமும் பேணப்பட வேண்டும் என்பது ஐந்தாவது. பிரசங்கம் புலமையைக் காட்டுவதற்கன்று, கேட்போர் வாழ்வைத் திருத்துவதற்கே என்பது ஆறாவது.

இவற்றுள் மூன்றாவதே மற்றைய ஐந்துக்கும் ஆணிவேர். லூதரின் கொள்கையில் ஓர் எழுத்தையும் ஸ்பேனர் மாற்ற விரும்பவில்லை. விசுவாசத்தால் மனிதன் மீட்புப் பெறுகிறான் என்றே அவரும் போதித்தார். ஆனால், விசுவாசம் உயிருள்ளதாயின் அது கனி கொடுக்க வேண்டும். கனி கொடாத மரம் பட்ட மரமே என்பது அவர் துணிபு.

எதிர்ப்பும் எழாமலில்லை. சிறு கூட்டங்கள் திருச்சபையைப் பிளக்கும் என்று பலர் குறை கூறினர். அக்குறையில் உண்மையும் இருந்தது. பிராங்க்பர்ட் கூட்டத்தார் சிலர் பின்னர் ஆலய வழிபாட்டை விட்டே விலகினர். ஸ்பேனர் அதை ஏற்கவில்லை. 1686-ல் டிரஸ்டன் அரண்மனைப் போதகராகச் சென்ற அவர், சாக்சனி அரசரின் நடத்தையையே கண்டித்தமையால் அங்கும் வெறுப்புக்கு ஆளானார். 1691-ல் பெர்லின் நகர் அவருக்குப் புகலிடம் தந்தது. 1705-ல் அங்கேயே மறைந்தார்.

உண்டியலில் கிடந்த காசு

ஸ்பேனர் எண்ணியதைச் செய்து காட்டியவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. 1663-ல் பிறந்த இவர், மொழிப் புலமையில் இளமையிலேயே பெயர் பெற்றவர். 1687-ல் லூனெபர்க் நகரில் ஒரு பிரசங்கம் செய்யும் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது. யோவான் சுவிசேஷத்திலிருந்து விசுவாசம் பற்றிய வசனம் ஒன்றைத் தேர்ந்து கொண்டார். பிரசங்கத்தை எழுத அமர்ந்த போதுதான், பிறருக்குப் போதிக்கப் போகும் அந்த விசுவாசம் தம்மிடமே இல்லை என்பது அவருக்குப் புலப்பட்டது. பல நாள் கலங்கி, ஓர் இரவு முழந்தாளிட்டு மன்றாடினார். எழுந்த போது ஐயம் நீங்கியிருந்தது என்று பின்னர் அவரே எழுதி வைத்தார்.

1692-ல் ஹாலே நகரை அடுத்த கிளௌக்கா என்ற ஏழைக் குடியிருப்பின் போதகரானார். குடிகாரரும் பிச்சைக்காரரும் நிறைந்த இடம் அது. 1695-ல் அவர் வீட்டு உண்டியலில் யாரோ நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் இட்டுச் சென்றனர். பெருந்தொகை என்று சொல்வதற்கில்லை. ஆனால், இது நல்ல மூலதனம். இதைக் கொண்டு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்று பிராங்கே எண்ணினார். இரண்டு தாலருக்கு நூல்கள் வாங்கினார்; ஏழை மாணவர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தித் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லச் செய்தார். பிள்ளைகளிடம் இருபத்தேழு நூல்கள் கொடுக்கப்பட்டன. திரும்பி வந்தவை நான்கே. மற்றப் பிள்ளைகள் நூலோடு மறைந்துவிட்டனர். பிராங்கே மனம் தளரவில்லை. எஞ்சிய பதினாறு குரோஷனுக்கு மீண்டும் நூல்கள் வாங்கினார். இம்முறை பாடம் முடிந்ததும் நூல்களைப் பள்ளியிலேயே வைத்துச் செல்லுமாறு விதி செய்தார். பக்தியோடு நடைமுறை அறிவும் சேர்ந்திருந்ததற்கு இது நல்ல சான்று.

அச்சிறு பள்ளியே ஆலமரமாயிற்று. 1698-ல் அநாதை இல்லத்தின் பெருங்கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அச்சகம், நூல் விற்பனை நிலையம், மருந்தகம் எனப் பல துறைகள் தோன்றின. அவற்றின் வருவாய் பிள்ளைகளின் உணவுக்கும் கல்விக்கும் உதவியது. ஏழைப் பல்கலைக்கழக மாணவர் பாடம் சொல்லிக் கொடுத்து அங்கேயே உணவு பெற்றனர். 1710-ல் கான்ஸ்டைன் பிரபு நிறுவிய கழகம், கோத்த எழுத்தைக் கலைக்காமல் வைத்து மீண்டும் மீண்டும் அச்சிட்டு, வேதாகமத்தை ஏழையும் வாங்கும் விலைக்குத் தந்தது. ஸ்பேனரின் முதல் யோசனைக்கு அச்சுத் தொழில் வழி கோலிற்று. 1727-ல் பிராங்கே மறைந்த போது அவர் நிறுவிய பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பயின்று வந்தனர்.

தரங்கம்பாடியில் ஒரு மாணவர்

ஹாலேயில் சிறிது காலம் பயின்ற பார்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் ஆதரவில் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். உடன் வந்தவர் புளூச்சோ. இளமையிலேயே பெற்றோரை இழந்து, நோயோடு போராடி வளர்ந்த சீகன்பால்குக்கு அப்போது வயது இருபத்து மூன்று. வயது முதிர்ந்த திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணாக்கரோடு அவர் வீட்டுக்கு வர, அச்சிறுவரோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார்.

அவருடைய நாள் ஒழுங்கு பக்தியும் உழைப்பும் பிணைந்த ஒன்று. காலையில் முன்னர்க் கற்ற சொற்களை ஒப்புவிப்பார். எட்டு மணி முதல் நண்பகல் வரை வயது முதிர்ந்த புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் அருகில் வைத்துக் கொண்டு தமிழ் நூல்களைப் படிப்பார். பிற்பகலில் போதனை, மீண்டும் படிப்பு, பின்னர் செபம். இவ்வாறு பயின்றே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708-ல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். ஒழுக்கத்தை உயிரினும் மேலாகப் போற்றிய தமிழ் நூல்கள், செயலையே சமயத்தின் அளவுகோலாகக் கொண்ட அவர் உள்ளத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

ஏழை விதவை ஒருத்திக்காகப் பரிந்து பேசியதையொட்டி மூண்ட பூசலில், டேனியத் தளபதி அவரை 1708-ன் இறுதியில் சிறையிட்டார். நான்கு மாதம் சிறையிலிருந்தார். அங்கும் எழுதுவதை விட்டாரில்லை. ஹாலேயில் வார்த்த தமிழெழுத்துக்கள் 1713-ல் வந்து சேர்ந்தன. 1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறின. 1719-ல் சீகன்பால்கு மறைந்தார்.

அந்நூல் யாரைச் சென்றடைந்தது என்பதே இவ்வரலாற்றின் உச்சம். தஞ்சை மன்னரின் படையில் இராஜநாயக்கன் என்ற வீரர் ஒருவர் இருந்தார்; பறையர் குலத்தவர்; பிறப்பால் ரோமன் கத்தோலிக்கர். 1714-ல் அச்சான நூலின் படி ஒன்று அவர் கைக்கு வந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். எந்தப் போதகரும் அவரைத் தேடிச் செல்லவில்லை. அவரே தேடி வந்து தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்தார். படையை விட்டு உபதேசியாராகி, 1771-ல் இறக்கும் வரை தஞ்சைப் பகுதியில் ஊழியம் செய்தார். பிராங்க்பர்ட் இல்லத்தில் ஸ்பேனர் கண்ட கனவு காவிரிக் கரையில் இங்ஙனம் நனவாயிற்று.

அளவுகோல் அவர்களையும் அளந்தது

ஆனால், அவ்வியக்கத்தார் வகுத்த அளவுகோலுக்கு அவர்களே குறைந்து போன இடங்களும் உண்டு. 1733-ல் ஆரோன் என்ற வேளாளர் குருப்பட்டம் பெற்று, புரோட்டஸ்டண்டுத் திருச்சபையின் முதல் தமிழ்க் குருவானார். அடுத்து 1741-ல் இராஜநாயக்கன் பெயரும் ஆராயப்பட்டது. தகுதியில் குறை காணப்படவில்லை. ஆயினும், தாழ்த்தப்பட்ட குலத்தவர் கையால் மேற்குலத்தார் நற்கருணை பெற மாட்டார் என்ற அச்சத்தால் பட்டம் வேறொருவருக்குச் சென்றது. எல்லாக் கிறிஸ்தவரும் குருமாரே என்று முழங்கிய இயக்கம், சாதியின் முன் தலை குனிந்தது. பட்டம் பெறாத இராஜநாயக்கனோ முப்பதாண்டு தம் பணியை விடாது செய்தார். செயலே விசுவாசத்தின் சான்று என்ற கொள்கையை மெய்ப்பித்தவர் அவரே.

ஹாலேயிலும் இத்தகைய சறுக்கல் நேர்ந்தது. சீகன்பால்கு 1713-ல் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை அச்சிடப் பிராங்கே இசையவில்லை. அது 1867-ல்தான் சென்னையில் வெளிவந்தது. 1721-ல் கிறிஸ்தியன் வோல்ப் என்ற தத்துவ ஆசிரியர், சீன நாட்டுக் கன்பூசியர் வழியினர் வேத வெளிப்பாடு இன்றியே உயர்ந்த ஒழுக்கம் கண்டனர் என்று உரையாற்றினார். ஹாலேப் பயட்டிஸ்டுகள் அவர் மேல் குற்றம் சாட்டினர். 1723-ல் பிரஷ்ய மன்னர், நாற்பத்தெட்டு மணி நேரத்துள் நாட்டை விட்டு நீங்காவிடில் தூக்கு என்று வோல்புக்கு ஆணையிட்டார். வாதத்திலும் அன்பு வேண்டும் என்ற ஸ்பேனரின் நான்காம் யோசனையை அவருடைய வழித்தோன்றல்களே மறந்தனர். 1740-ல் புதிய மன்னர் அழைக்க, வோல்ப் பெருமையோடு ஹாலே திரும்பினார்.

மலேசியா, சிங்கப்பூர் வரை

இயக்கத்தின் கிளைகள் தொலைவு பரந்தன. ஹாலேயில் பயின்ற சின்சென்டார்ப் பிரபுவின் ஹெர்ன்ஹூட் சகோதரர், நாளொன்றுக்கு ஒரு வேதவசனம் கொண்டு வாழும் பழக்கத்தைப் பரப்பினர். அச்சகோதரரின் தொடர்பால் தூண்டப்பட்ட இங்கிலாந்தின் ஜான் வெஸ்லி, 1742-ல் பிரிஸ்டல் நகரில் பன்னிருவர் கொண்ட வகுப்புக்களை அமைத்தார். ஆலயக் கடனுக்காக வாரம் ஒரு பென்னி தண்டச் சென்ற தலைவர், வீடு தோறும் மக்களின் வாழ்வையும் நேரில் கண்டார். காசு தண்டும் ஏற்பாடே ஆன்ம நலம் பேணும் முறையாயிற்று. வெஸ்லியின் மெதடிஸ்டுத் திருச்சபை 1885-ல் சிங்கப்பூருக்கு வந்தது. தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் லூத்தரன் திருச்சபையாரும் மலாயாவில் குடியேறினர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள சீயோன் ஆலயம் அம்மரபை நினைவூட்டுகிறது.

சிறு கூட்டம், நாள்தோறும் வேத வாசிப்பு, ஏழைக்குக் கல்வி, தவறியபோது தன்னையே சோதித்துக் கொள்ளல் ஆகிய நான்கும் பயட்டிஸ்டுகள் விட்டுச் சென்ற செல்வம். நான்காவதை அவர்கள் எப்போதும் பேணினாரில்லை. பேணாத இடத்தில் சறுக்கினர். எனினும், விசுவாசத்தை அதன் கனியால் அறிக என்று அவர்கள் உலகுக்கு உரைத்தது பொய்யாகவில்லை. உண்டியலில் கிடந்த சில காசுகளிலிருந்து பள்ளி எழுப்பியவரும், பட்டம் மறுக்கப்பட்ட பின்னும் முப்பதாண்டு ஊர் ஊராக நடந்தவரும் அதற்கு என்றும் சான்றாக நிற்கின்றனர்.