தகடூர்ப் போரும் திருமலைக் கல்வெட்டும்

தருமபுரிக்கு அருகிலுள்ள அதியமான்கோட்டை, தகடூரை ஆண்ட அதியமான் மரபின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அம்மரபில் வந்த நெடுமான் அஞ்சி, ஔவைக்கு அரிய நெல்லிக்கனியை ஈந்த வள்ளல். அத்தகையோன் ஊரும் போரால் அழிந்தது. அதன் காரணத்தை ஆராய்ந்தால் போர் எங்கே பிறக்கிறது என்பது புலனாகும்.

அஞ்சி திருக்கோவலூரை வென்றான். புலவர் அவ்வெற்றியைப் பாடினர். கோவலூர்த் தலைவன் மலையமான் காரி, வல்வில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்கு அளித்தான். பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்து, 'தகடூர் எறிந்த' என்னும் அடைமொழி பெற்றான். ஒருவனுக்குப் புகழானது மற்றவனுக்கு மானக்கேடாயிற்று. இது மன்னர் மனத்தின் குற்றம் மட்டுமன்று. வென்றவனுக்குப் பாட்டும் வீழ்ந்தவனுக்கு நடுகல்லும் தந்த சமுதாயத்திற்கும் அதில் பங்குண்டு. தருமபுரி வட்டாரத்தில் மிகுந்து காணப்படும் நடுகற்கள் அதற்குச் சான்று.

அமைதிக்கான முயற்சியும் அன்று நடந்தது. அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றார் ஔவை. அவன் காட்டிய படைக்கலங்கள் புதுமை குலையாது பொலிவதைப் புகழ்வார்போல், தம் தலைவனின் வேல்கள் போரில் முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதை உணர்த்தினார். நுட்பமான சொல்லே, எனினும் அதன் வலிமை அச்சத்தில் இருந்தது. அச்சத்தால் அடங்கிய பகை நெஞ்சை விட்டு நீங்குவதில்லை.

சினம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகிய நான்கு கடாயங்களை உள்ளத்தினின்று களைதலே வெற்றி எனச் சமண அறம் கூறும். அவ்வறம் தகடூரிலும் தழைத்தது. 9ஆம் நூற்றாண்டில் நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில் இங்குச் சமணப் பள்ளி இருந்ததைக் கல்வெட்டு காட்டுகிறது.

போளூரை அடுத்த திருமலைக் கல்வெட்டு இதனினும் சிறந்த செய்தியைத் தருகிறது. தகடூர்த் தலைவன் விடுகாதழகிய பெருமாள் என்னும் அதியமான், சேரர் குலத்து எழினி செய்வித்த இயக்கன், இயக்கி படிமங்கள் சிதைந்திருக்கக் கண்டு புதுப்பித்தான், எறிமணி அளித்தான், கால்வாயும் அமைத்தான். முன்னொரு காலத்தில் தகடூரை அழித்த சேரரின் குலத்தையே தன் குலமாக அவன் போற்றினான்.

பழம்பகையைப் பாடாமல் பழைய அறத்தைப் புதுப்பித்த அச்செயலும் ஒரு வெற்றியே. அதற்கு ஒரு நடுகல்லும் தேவைப்படவில்லை. பிள்ளைகளுக்கு அதியமானின் போரைச் சொல்லும்போது, அவன் வழிவந்தோன் வெட்டிய கால்வாயையும் சேர்த்துச் சொல்லுதல் நம் கடமை.