ஆளுக்கேற்ற சோறு

கொரியாவின் ஜோசன் அரசமரபைச் சேர்ந்த மன்னர் சொன்ஜோவின் ஆணைப்படி அரண்மனை மருத்துவர் ஹோ ஜுன் 1596இல் தொடங்கி 1610இல் முடித்த 'தோங்குய் போகாம்' என்ற மருத்துவ நூல், 1613இல் 25 தொகுதிகளாக அச்சேறியது. மருந்துச் சரக்குகளைப் பேசும் பகுதியைப் புரட்டினால் முதலில் வருவது தண்ணீர். விடியலில் முதன்முதலாக இறைத்த கிணற்று நீர் முதற்கொண்டு 33 வகை! பிறகு தானியம், கோழி, மீன், பழம், கீரை. இத்தனையும் கடந்த பின்னரே ஜின்செங் வேருக்கு இடம். சரக்குகள் பலவற்றுக்கும் மக்கள் வழங்கிய பெயரைக் கொரிய எழுத்தான ஹங்குலில் சேர்த்தார் ஹோ ஜுன். வெளிநாட்டுச் சரக்கு வாங்க வசதியற்றவர் தம் ஊரில் முளைத்ததை இனங்கண்டுகொள்ள வேண்டும் என்ற அக்கறை அது.

நோய்க்கேற்ற உணவைச் சொல்ல 1460இலேயே மருத்துவர் ஜொன் சுன்-உய் தனி நூல் தொகுத்திருந்தார். உண்பவர் யார் என்ற கேள்வியை நடுவில் வைத்தவரோ, 1894இல் தம் நூலை எழுதிய மருத்துவர் இ ஜே-மா. மனிதரை நான்கு உடல்வாகுகளாகப் பிரித்தார் அவர். அவற்றில் இரண்டை மட்டும் பார்ப்போம். 'சோயும்' வாகினருக்குக் குளிர்ந்த, மந்தமான வயிறு. கோழி, இஞ்சி, பூண்டு, ஜின்செங் ஒத்துவரும். 'சோயாங்' வாகினருக்கு வயிற்றில் சூடு அதிகம்; பன்றி இறைச்சி, பார்லி, வெள்ளரி நல்லது, ஜின்செங் ஆகாது.

இனி, கோடையின் உச்சத்தில் வரும் மூன்று 'போக்' நாள்களில் கொரியர் வரிசையில் நின்று உண்ணும் சம்கெதாங் என்ற கோழி சூப்பைப் பாருங்கள். இளங்கோழியின் வயிற்றில் ஊறவைத்த பசையரிசி, பூண்டு, இலந்தை, ஜின்செங் ஆகியவற்றை அடைத்து வேகவைத்து, கொதிக்கும் சட்டியோடு பரிமாறுகிறார்கள். வெயிலில் மேல்தோல் சுட, உள்வயிறு குளிர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆகவே சூட்டைச் சூட்டால் வெல்வதாம். இ ஜே-மாவின் கணக்குப்படி இது அசல் சோயும் சாப்பாடு. பக்கத்து மேசையில் வியர்த்து வழியும் சோயாங்காரருக்கு இது வேண்டாத வேலை. நாடு முழுவதற்கும் ஒரே பத்தியம் என்பதை இ ஜே-மா ஏற்றிருக்க மாட்டார்.

இந்த வாகுப் பிரிவினை ஆய்வுக்கூடத்தில் உறுதிப்பட்ட உண்மை என்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஒரே உணவு எல்லோருக்கும் ஒத்துவராது என்ற அதன் எச்சரிக்கையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர் மருத்துவரைக் கேட்காமல் ஜின்செங்கைத் தொடக்கூடாது என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது.

இன்று எல்லோரும் அளந்து பார்க்க வேண்டிய இன்னொன்று உப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள். கிம்ச்சி, சோயா விழுது, சூப்பு என்று மூன்று வேளையும் கூடும் கொரியச் சாப்பாட்டில் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடலாம். சம்கெதாங்கில் ஒரு வசதி உண்டு. உப்பும் மிளகுத்தூளும் தனிக் கிண்ணத்தில் வருவதால், எவ்வளவு சேர்ப்பது என்பது உண்பவர் கையில். தொட்டுக்கொள்ள வரும் முள்ளங்கிக் கிம்ச்சியிலேயே உப்பு இருக்கிறது. அதைக் கடித்துக்கொண்டால் சூப்பில் தனியாக உப்புப் போடத் தேவையில்லை.