பழவேற்காட்டுக் கல்லறைகளும் கத்ரினாவும்

பொன்னேரியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் பழவேற்காடு. சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஏரி பார்க்கவும் இறால் சாப்பிடவும் உங்களில் நிறைய பேர் போயிருப்பீங்க. இன்னைக்கு நாம போகப்போறது அங்கே இருக்கிற டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு. வாசலிலேயே ரெண்டு எலும்புக்கூடு, கல்லில் செதுக்கி வைத்தது. முதல் தடவை பார்த்தப்போ எனக்குச் சிரிப்புதான் வந்தது. ‘நீயும் இப்படித்தான் ஆகப்போறே’ என்று அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் ஞாபகப்படுத்துகிற வழி அது.

1613-இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டியது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். வந்தது துணிக்காக. நம்ம ஊர் நெசவாளர் நெய்த துணியைக் கொண்டுபோனால்தான் இந்தோனேசியத் தீவுகளில் மசாலா வாங்க முடியும். அந்தக் கோட்டையை இப்போ சீமைக்கருவேலம் மூடிவிட்டது. கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் தப்பித்தது.

ஆனால் கல் தப்பித்தால் போதுமா? எழுத்து தப்பிக்கணுமே. உப்புக்காற்று சும்மா விடாது. அதனால்தான் 1897-இல் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி சென்னை மாகாணத்து டச்சுச் சின்னங்களைப் புத்தகமாகப் பதிவு செய்தார். 1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன், அவர் ஒரு ஐ.சி.எஸ்., மாகாணம் முழுக்கக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். இன்னைக்குக் கல்லில் பாதி எழுத்துதான் தெரியுதுன்னா, நாம திறக்க வேண்டியது இவர்களைத்தான்.

நானும் ஒரு நோட்டோடு போனேன். ‘ஹியர் லெய்ட் பெக்ராவன்’, அதாவது ‘இங்கே அடக்கமாகியிருப்பவர்’. இந்த மூணு வார்த்தையைக் கத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து சரிபார்த்தப்போதான் அசடு வழிந்தேன். அந்தக் காலத்து டச்சில் மாதத்தைச் சுருக்கி, 8 போட்டுப் பக்கத்தில் ‘பெர்’ என்று எழுதுவார்கள். நான் எட்டாவது மாதம், ஆகஸ்ட் என்று குறித்திருந்தேன். அது அக்டோபர்! லத்தீனில் ‘ஆக்டோ’ என்றால் எட்டு. அதே கணக்கில் 7 போட்டால் செப்டம்பர், ஜூலை இல்லை.

நீங்க போனா ஒண்ணு மட்டும் செய்யாதீங்க: எழுத்து தெரியணும்னு சாக்பீஸ் தேய்க்கிறது. கல்லுக்கும் கெடுதல், தப்பாகப் படித்த எழுத்து வெள்ளையாக நின்று அடுத்து வருகிறவரையும் ஏமாற்றும். காலை வெயில் சாய்வாக விழும்போது போங்க. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பினாலே போதும், மழுங்கின எழுத்தும் எழுந்து நிற்கும்.

சரி, எழுந்து நிற்கிற பெயர்கள் யாருடையவை? கம்பெனிக்காரர்கள், அவர்கள் மனைவிமார், குழந்தைகள். கல் வெட்டக் காசு இருந்தவர்கள். இதே கம்பெனி, பஞ்சக் காலங்களில் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை வாங்கி அடிமைகளாகப் படேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றியது. கணக்குப் புத்தகத்தில் அவர்கள் வெறும் எண்ணிக்கை.

அதில் ஒருத்தி பெயரோடு கிடைக்கிறாள், அதுவும் ஒரு குற்ற வழக்கால். ‘கத்ரினா வான் பலியகட்டா’. பலியகட்டா என்றால் டச்சுக்காரர் வாயில் பழவேற்காடு. 1656-இல் படேவியாவில் ஒருவனைக் கொன்றதாக அவளுக்கு மரண தண்டனை. பிறகு அதைக் குறைத்து, நாடு கடத்தி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு அனுப்பினார்கள். 1657-இல் அங்கே போய்ச் சேர்ந்து, கமாண்டர் வான் ரீபெக் வீட்டில் துணி வெளுத்தாள். அவளுடைய மகன் வழியாக வந்ததுதான் தென்னாப்பிரிக்காவின் ஸ்நைமன் குடும்பம். அவர்களுடைய வம்சாவளிப் பட்டியலில் முதல் தாயாக இவள் இருக்கிறாள், பக்கத்தில் நம்ம ஊர்ப் பெயரோடு.

திரும்ப பஸ் ஏறும்போது என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் பெயரையும் எழுதினேன். கல் எண் என்கிற இடத்தில் ஒரு கோடு போட்டேன்.