துஸ்தர் கோட்டையும் அதன் அடியில் எழும் பாறையும்



உமர் (ரழி) அவர்களின் கிலாஃபத்தில் துஸ்தர் வெற்றிகொள்ளப்பட்ட அன்று சுபஹ் தொழுகை பிந்திப்போனதை அனஸ் இப்னு மாலிக் (ரழி) அறிவித்திருப்பதை பயான்களில் கேட்டிருப்போம். அவரது சகோதரர் அல்பரா (ரழி) ஷஹீதானதும் அங்கேதான். அந்த ஊரைப் பிடிப்பது ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது?

துஸ்தர் என்பது இன்றைய ஈரானின் ஷூஷ்தர். காரூன் ஆற்றங்கரையில் உள்ளது. அரேபிய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை நெருக்குகிறது. விரித்த பாயை ஒரு பக்கத்தால் தள்ளினால் மடிப்பு எழும்புவதுபோல, அங்கே பாறை மடிந்து எழும்புகிறது. ஸக்ரோஸ் மலைகள் அப்படி உருவானவையே. மலையடிவாரச் சமவெளியிலும் சிறிய மடிப்புகள் இன்னும் எழுகின்றன.

குறுக்கே மடிப்பு எழும்பினால் ஆறு என்ன செய்யும்? மடிப்பு எழும் வேகத்துக்கு ஈடாகப் பாறையை அறுக்க முடிந்தால் நேரே ஊடறுத்துப் போகும். முடியாவிட்டால் வளைந்து, மடிப்பின் முனையைச் சுற்றிப் போகும். மடிப்பு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலும் ஆயிரம் வருடத்தில் ஒரு மீட்டர்! காரூன் பெரிய ஆறு. ஷூஷ்தரில் அது ஊடறுத்தே போகிறது.

அங்கே வெளியே தெரியும் பாறை, கட்டுமானத்துக்கு உறுதியான அத்திவாரம். கி.பி. 260இல் உரோமப் பேரரசர் வலேரியனைச் சிறைபிடித்த முதலாம் ஷாபூர், உரோமக் கைதிகளைக் கொண்டு அங்கே அணைக்கட்டுப் பாலம் கட்டியதாகச் சொல்லப்படுகிறது. அதன் பெயர் பந்தே கைசர். கர்கர் என்ற கால்வாயும் வெட்டப்பட்டதால் ஊர் இரு நீரோட்டங்களுக்கு நடுவே அமைந்தது. கீழே பாறை, சுற்றிலும் தண்ணீர். கடைசியில் உள்ளேயிருந்த ஒருவர் காட்டிய நீர்வழியாலேயே முஸ்லிம்கள் நுழைந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இதே காரூன் தெற்கே அஹ்வாஸில் இன்னொரு மடிப்பை அறுக்கிறது. அங்கே ஆற்றின் குறுக்கே பாறைப் படிகள். 1888இல் இந்த ஆறு வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறக்கப்பட்டபோதும், அஹ்வாஸில் சரக்கை இறக்கி, தரைவழியாகக் கொண்டுபோய், மேலே வேறு படகில் ஏற்றவேண்டியிருந்தது. பின்னாளில் அந்த மடிப்பின் ஆழத்தில்தான் பெரும் எண்ணெய் வளமும் கண்டுபிடிக்கப்பட்டது.

மன்னர்களின் பெயர்களையும் வருடங்களையும் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம். அவர்கள் நின்ற நிலத்தைக் காட்டுவதில்லை. அடுத்த தடவை துஸ்தரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வரைபடத்தையும் விரித்து வையுங்கள். கோட்டை ஏன் அங்கே இருந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.