இளையோர் அச்சமும் திருகோணமலையின் அண்மைக்கால வரலாறும்

திருகோணமலை நகரை அடுத்துள்ள பாலையூற்றுப் போன்ற ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் துறைமுகத்தையும் கோட்டையையும் எண்ணெய்க் குதங்களையும் விரித்துரைப்பர். அங்கு வளர்ந்த பிள்ளைகளின் அச்சத்தை எழுதுவார் அரியர்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய வானூர்திகள் இத்துறைமுகத்தைத் தாக்கின. அஃது ஒரு நாளின் அச்சம். 1983 முதல் 2009 வரை நீண்ட போரோ ஒரு தலைமுறையின் பிள்ளைப் பருவத்தையே விழுங்கிற்று. இடையே, 2004 டிசெம்பர் 26இல், கடலும் பொங்கியெழுந்தது.

பதின்ம வயது இயல்பாகவே கொந்தளிப்பு மிக்கது என 1904இல் அமெரிக்க உளநூலார் ஸ்ரான்லி ஹோல் எழுதினார். அக்கொந்தளிப்புப் பண்பாட்டின் பாற்பட்டது என்று, சமோவாத் தீவினரைச் சான்றுகாட்டி, 1928இல் மார்கிரட் மீட் மறுத்தார். மீட்டின் சான்றுகள் பின்னர்க் கடுமையாக ஐயுறப்பட்டன. வினா மட்டும் நிலைத்து நின்றது.

தமிழர் போரினால் அடைந்த உள்ளத்து வடுக்களை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் ஆராய்ந்தார். நம்மவரிடையே அச்சம் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே வெளிப்படும். ‘பயமாக இருக்கிறது’ என்னாத சிறுவன் தலையிடி என்பான், நெஞ்சு படபடக்கிறது என்பான், பெருமூச்செறிவான். வீட்டார் கோயிலுக்கு அழைத்துச் சென்று திருநீறு போடுவித்து நூல் கட்டுவிப்பர். இதனை மூடநம்பிக்கை எனத் தள்ளுதல் எளிது. ஆயினும் பிள்ளையின் துன்பத்தை வீடு முழுவதும் தன் துன்பமாக ஏற்றமைக்கு அந்நூலே சான்றன்றோ? ‘ஆண்பிள்ளை அழலாமா?’ என்று வாயடைக்கச் செய்வதும் அதே வீடுதான் என்பதையும் மறைத்தற்கில்லை.

அவ்வீட்டின் உள்ளேயும் நோக்குதல் வேண்டும். வடகிழக்கிலே தமிழ் மாணவர் 296 பேரிடம் நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வொன்று, போரையும் கடற்கோளையும் மட்டுமன்றி வீட்டு வன்முறையையும் வினவிற்று. பிள்ளை கண்ட போரும் தந்தையின் குடியும், வீட்டில் அது பட்ட அடியோடு தொடர்புற்றிருக்கக் காணப்பட்டன. அவ்வடி போரின் வடுவுக்கு மேல் மற்றொரு வடுவாயிற்று. போர் வாயிற்படியோடு நின்றுவிடவில்லை. துன்பம் முழுவதையும் வெளிப்பகை மேல் ஏற்றிவிடும் வழக்கத்துக்கு இது கசப்பான செய்தியே.

போர் ஓய்ந்தபின் பிறந்தோர் இன்று பதின்ம வயதை எய்தியுள்ளனர். அவர்கள் குண்டொலி கேட்டறியார்; கேட்டவர்கள் பெற்றோர். பாடசாலை விட்டுக் கால்மணி நேரம் பிந்தினாலும் படலையடியில் வந்து நின்று தெருவைப் பார்க்கும் தாயின் முகத்தையே அப்பிள்ளைகள் நாள்தோறும் காண்கின்றனர்.