மெழுகில் உறங்கிய செய்தி

திசுவை எவ்வாறு சேமிக்கிறோம் என்பதே, பிற்காலத்தார் அதில் எதைப் படிக்க இயலும் என்பதை முடிவுசெய்கிறது. 1918ஆம் ஆண்டின் 'ஸ்பானிஷ் ஃப்ளூ' கொள்ளைநோய் நமக்கு அதைக் காட்டுகிறது.

அந்நோயால் மாண்ட அமெரிக்கப் படைவீரர் சிலரின் நுரையீரல் துண்டுகளை மருத்துவர்கள் ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பொதிந்து வைத்தனர். நுண்ணோக்கியில் வடிவம் தெரிந்தால் போதும் என்பதே அன்றைய தேவை. ஃபார்மலின் வடிவத்தைக் காத்தது. மரபுச்செய்தி தாங்கும் ஆர்.என்.ஏ. இழைகளையோ நொறுக்கியது.

1997இல் ஜெஃப்ரி டாபன்பர்கர் குழுவினர், செல்லரித்த ஏட்டை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல, அத்துண்டுகளில் வைரஸின் மரபுச்செய்தியைத் துணுக்குத் துணுக்காகப் படித்தனர். அவ்வாண்டே யோகான் ஹல்டின் அலாஸ்காவின் உறைநிலத்துப் புதைகுழியிலிருந்து கொணர்ந்த நுரையீரலும் துணைநிற்க, 2005இல் வரிசை முழுமையுற்றது.

எந்த மரபணு எவ்வளவு இயங்கியது என இன்று அளப்போரும் ஆர்.என்.ஏ. படிகளையே எண்ணுகின்றனர். எடுத்தவுடன் திரவ நைட்ரஜனில் உறையவைத்த திசுவில் அவை பெரிதும் சிதையாதிருக்கும், மெழுகுக்கட்டியில் சிதைந்திருக்கும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால், சேமிப்பின் வேறுபாட்டை நோயின் வேறுபாடென நாம் மயங்க நேரும்.

எனினும் மருத்துவமனைகளில் பல்லாண்டாய்க் குவிந்திருப்பவை மெழுகுக்கட்டிகளே. பழுதென்று எறியாமல், பழுதறிந்து படிப்பதே அறிவுடைமை.