பெரிபெரியும் மறைக்காத கணக்கும்



பொங்கலுக்கும் படையலுக்கும் பச்சரிசி, அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசி. தாப்பா வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இவ்வழக்கம் புதிதன்று. ஒரு காலத்தில் இவ்வழக்கமே நம் முன்னோரைப் பெரிபெரி என்னும் கொடுநோயிலிருந்து காத்தது. அது மெய்ப்பிக்கப்பட்டதும் இம்மண்ணிலேயே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் அந்நோய் பலரை வாரிச் சென்றது. கால் மரத்துப் போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் ஓயும். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிரேடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளரைத் தாக்கிய நோய், புழுங்கலரிசி உண்ட தமிழரை அரிதாகவே அண்டியது. தம் கருத்தை அவர் 1907-இல் நூலாகவே எழுதினார். ஏற்காதோர் பலர்.

அதைச் சோதித்தவர் கோலாலம்பூர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905 டிசம்பரில் அங்கிருந்த மனநோயாளர் விடுதியில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினருக்குத் தீட்டிய சயாம் அரிசி. இரட்டைப்படை எண்ணினருக்குப் புழுங்கலரிசி. நோய்க்குக் கட்டடம் காரணமோ என்ற ஐயம் எழாதிருக்க, இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார். ஓராண்டு கழிந்தது. சயாம் அரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்கு நோய். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் காணப்பட்டது. மரணம் இல்லை.

அந்த இருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தால் முடிவு இன்னும் பளிச்சென்று தெரிந்திருக்கும். பிளெட்சர் நீக்கவில்லை. 1907-இல் 'லான்செட்' இதழில் அவர்களையும் சேர்த்தே எழுதினார். காரணம் அரிசியிலுள்ள நஞ்சா, சத்துக்குறைவா என்பதையும் முடிந்த முடிபாகச் சொல்லாமல் விட்டார். தவிட்டோடு போவது எது என்பது பின்னர் 1926-இல் ஜாவாவில் பிரித்தெடுக்கப்பட்ட தயமினால் விளங்கியது.

மறுக்க இயலாத மனிதர்களை வைத்து நடத்திய சோதனை அது. அதை நான் பெருமையாக எழுதவில்லை. ஆயினும் மாண்ட 18 பேரும் எண்ணப்பட்டார்கள்.

அறிவியல் செயல்திட்டத்தில் முளைக்காத விதைகளை அட்டவணையில் சேர்க்காமல் விடும் மாணவர்களை நாம் கண்டிருக்கிறோம். பெரியவர்களும் அவ்வாறு செய்வதுண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1968 முதல் 1973 வரை 9,423 பேரைக் கொண்டு ஓர் உணவுச் சோதனை நடந்தது. விலங்குக் கொழுப்புக்குப் பதிலாகச் சோள எண்ணெய் கொடுத்தால் இதயநோய் மரணம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. இரத்தக் கொழுப்பு குறைந்தது, மரணம் குறையவில்லை. முதன்மைக் கட்டுரை 1989-இல்தான் வெளிவந்தது. அதிலும் முழுத்தரவு இல்லை. எஞ்சியவை ஆய்வாளர் ஐவன் பிரான்ட்ஸ் வீட்டு நிலவறையில் பெட்டிகளில் கிடந்தன. அவருடைய மகன் தேடி எடுத்துக் கொடுக்க, 2016-இல் கிறிஸ்டோபர் ராம்ஸ்டன் குழுவினர் அவற்றைப் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். பலர் சோதனையில் நெடுநாள் இருக்கவில்லை, பதிவுகள் சில கிடைக்கவில்லை என்று அறிஞர் சிலர் இன்றும் மறுக்கின்றனர். மறுக்கட்டும்; மறுப்பதற்கும் தரவு கையில் இருக்க வேண்டுமே! இடைப்பட்ட நாற்பதாண்டுகளாக உலகெங்கும் மருத்துவர்கள் எந்த எண்ணெய் நல்லது என்று அறிவுரை கூறிவந்தார்கள், இக்கணக்கைப் பாராமலே.

மினசோட்டாவிலும் அந்த உணவை உண்டவர்களில் பெரும்பாலோர் மனநல மருத்துவமனை நோயாளிகளே.